ஆற்று மீனைப் பங்கு போட முடியுமா? மாநிலங்களின் மீன் வழக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். போன தடவை பேச வேண்டியது என் முறை. நதிநீர் வழக்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெங்களூர்த் தமிழர்களுக்கு அது குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயம். காவிரிக் கலவரங்கள் நடந்த 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இந்த ஊரில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதனால் தண்ணீரை விட்டுவிட்டு, அதில் ஏறி இறங்கும் மீனைப் பற்றிப் பேசினேன். இரண்டு மாநிலங்களைத் தாண்டிப் போகும் மீனை யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று சண்டை வந்தால் யார் தீர்ப்பது? பேசி முடித்த பிறகும் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாமல் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். நான் சட்டம் படித்தவன். மீன்வளம் படிக்கவில்லை, மீன் சாப்பிடுகிறவன் அவ்வளவுதான்.

மீனுக்காக ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் மேல் நிஜமாகவே வழக்குப் போட்டிருக்கிறதா?

போட்டிருக்கிறது, அமெரிக்காவில். அங்கே ஐடஹோ என்று ஒரு மலை மாநிலம், கடலே கிடையாது. அதன் ஓடைகளில் பொரிக்கும் சால்மன் குஞ்சுகள் ஸ்னேக் ஆற்றில் இறங்கி, கொலம்பியா ஆற்றில் கலந்து, பசிபிக் கடலுக்குப் போகின்றன. சில வருடம் கடலில் வளர்ந்துவிட்டு, முட்டை போடுவதற்குப் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்புகின்றன. திரும்பும் வழியில் இரு கரையிலும் வாஷிங்டன், ஓரிகன் என்று இரண்டு மாநிலங்கள் வலையோடு நிற்கின்றன.

அந்த இரண்டும் தங்களுக்குள் ஒரு மீன்பிடி ஒப்பந்தம் போட்டு, 1918-ல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வாங்கிவிட்டன. ஐடஹோ தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது, சேர்க்கவில்லை. கடைசியில் 1975-ல் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் ஊரில் பிறந்த மீன், எங்கள் ஊருக்கு வரும் மீன், அதில் நியாயமான பங்கு எங்களுக்கு வேண்டும் என்பதுதான் வழக்கு.

1983-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி பிளாக்மன் எழுதினார். தீர்ப்பின் முதல் பாதி ஐடஹோவுக்குச் சாதகம்: தண்ணீரைப் பங்கிடும் அதே நியாயம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் மீனுக்கும் பொருந்தும், கீழே அளவுக்கு மீறிப் பிடித்தால் மேலே இருப்பவருக்கு வரவேண்டியது குறைகிறது, ஆகவே கேட்க உரிமை உண்டு. இரண்டாம் பாதியில் ஐடஹோ தோற்றுப்போனது. உனக்கு வரும் மீன் குறைந்தது உண்மைதான், ஆனால் அது இந்த இரண்டு மாநிலங்களின் வலையால் வந்தது என்று தெளிவாக நிரூபிக்கவில்லையே என்றது நீதிமன்றம். ஓ’கானர் உட்பட மூன்று நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. மறுபடி வர வேண்டுமானால் வரலாம் என்று கதவைச் சாத்தாமல்தான் தள்ளுபடி செய்தார்கள்.

அப்படியானால் மீன் குறைந்தது எதனால்?

அணைகளால். கடலிலிருந்து ஐடஹோ வருவதற்குள் அந்த மீன் எட்டு அணை தாண்ட வேண்டும், கொலம்பியாவில் நான்கு, ஸ்னேக்கில் நான்கு. முதலாவது போன்வில், 1938. கடைசியானது லோயர் கிரானைட், 1975. அதாவது வழக்குப் போட்ட அதே வருடம்தான் எட்டாவது அணையும் முடிந்தது. ஏறும் பெரிய மீனுக்காவது படி வைத்திருக்கிறார்கள்; இறங்கும் குஞ்சுகள் டர்பைனில் மாட்டிச் சாகும், தேங்கிய தண்ணீரில் வழி தெரியாமல் தாமதமாகும். அணைகளைக் கட்டியது மத்திய அரசு. அண்ணன் தம்பி வயலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் நெடுஞ்சாலை போட்டவன் சாட்சிக் கூண்டுக்கே வராத கதைதான் இது.

1992-ல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் ஏறி வந்து சேர்ந்த சாக்ஐ வகை சால்மன் எத்தனை தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு ஆண் மீன். அதற்குப் பெயரெல்லாம் வைத்துக் கொண்டாடினார்கள், அது வேறு கதை.

தண்ணீர் வழக்குக்கும் மீன் வழக்குக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரில் மேலே இருப்பவன் கை ஓங்கும். ஷட்டரை அவன் இறக்கினால் கீழே வறட்சி. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து ஏறி வரும் மீனுக்கு இது அப்படியே தலைகீழ். முதலில் வலை போடுவது கழிமுகத்தில் இருப்பவன். பூம்புகார்தான் தலைமடை, குடகு கடைமடை. தண்ணீருக்காகக் கர்நாடகத்திடம் நாம் கேட்பதை எல்லாம், மீனுக்காகக் கர்நாடகம் நம்மிடம் கேட்கலாம். மொட்டை மாடியில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் “அப்ப வேண்டாம், இதை வெளியில சொல்லாதீங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், முழுக்க விளையாட்டும் இல்லை.

இன்னொரு வித்தியாசம், தண்ணீர் போனால் போனதுதான், அடுத்த மழையில் வந்துவிடும். மீன் அப்படி இல்லை. இந்த வருடம் பிடித்தது போக எத்தனை ஜோடி மேலே போய்ச் சேர்கிறதோ அதுதான் இன்னும் சில வருடம் கழித்து எல்லோருக்கும் கிடைக்கப் போவது. ஆகவே முதலில் முட்டைக்கு விட வேண்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பங்கு போட முடியும். விதைநெல்லை எடுத்து வைத்த பிறகு களத்துமேட்டில் அளக்கிற மாதிரி.

பிடிபடாத மீன் யாருடைய சொத்து?

யாருடையதும் இல்லை. இது பழைய ரோமச் சட்டத்திலிருந்து வரும் எண்ணம்: காட்டு விலங்கும் ஆற்று மீனும் பிடிக்கிற வரை உடைமை ஆகாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மாநிலமே அதற்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓக்லஹோமா மாநிலம் தன் ஆற்றுப் பொடிமீனை வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது என்று போட்ட சட்டத்தை 1979-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலத்தின் சொத்து என்பதெல்லாம் கற்பனை என்று அப்போது சொல்லிவிட்டது.

நம் உச்ச நீதிமன்றத்தில் 1955-ல் ஒடிசாவின் சிலிகா ஏரி பற்றி ஒரு வழக்கு வந்தது. ஏரியில் இறங்கி மீன் பிடித்து எடுத்துப்போகும் உரிமை நிலத்திலிருந்து வரும் பலன், ஆகவே அது அசையாச் சொத்து, பத்திரம் பதிவு செய்யாமல் வாய்ச்சொல்லால் விற்றால் செல்லாது என்றது நீதிமன்றம். நீந்திக்கொண்டே இருக்கும் மீன், அதைப் பிடிக்கும் உரிமை மட்டும் அசையாச் சொத்து! சட்டக் கல்லூரியில் இதைப் படித்த அன்று வகுப்பே சிரித்தது. ஆனால் குத்தகைக்கு எடுக்கும் மீனவருக்கு இது சிரிப்பல்ல, அவர் கையில் இருக்கும் காகிதத்தின் மதிப்பே இதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இரண்டு மாநிலம் மீனுக்காக மோதினால் எங்கே போக வேண்டும்?

இங்கேதான் நம் சட்டம் விலாங்கு மாதிரி பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனம். கடலில் மாநில எல்லைக்கு வெளியே பிடிப்பது மட்டும் மத்தியப் பட்டியலில் 57. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56. ஆறு மத்தியில், மீன் மாநிலத்தில்.

தண்ணீர்த் தகராறு என்றால் 262-வது பிரிவு, 1956-ன் நதிநீர்த் தகராறு சட்டம், நடுவர் மன்றம் என்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. தகராறை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டம் பேசுவது தண்ணீரின் பயன்பாடு, பங்கீடு, கட்டுப்பாடு பற்றி. மீன் என்ற சொல் அதன் வரையறையில் இல்லை. என் கணிப்பு இது: மீன் ஏறுவதற்காக இந்த மாதத்தில் இவ்வளவு தண்ணீர் திறந்துவிடு என்று கேட்டால் அது தண்ணீர்த் தகராறு, நடுவர் மன்றம். நீ இத்தனை டன்னுக்கு மேல் பிடிக்காதே என்று கேட்டால் அது 131-வது பிரிவு, நேராக உச்ச நீதிமன்றம். இரண்டும் கலந்து வந்தால் முதல் பத்து வருடம் எந்த வாசல் என்பதிலேயே போய்விடும். காவிரியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பங்கீட்டு நியாயம் நமக்கு அந்நியம் இல்லை. பல நாடுகளில் ஓடும் ஆறுகளின் தண்ணீரைப் பங்கிடுவது பற்றிய 1966-ன் ஹெல்சின்கி விதிகளைக் காவிரித் தீர்ப்பிலேயே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஐடஹோ வழக்கை நம் ஊர் வழக்கறிஞர் எடுத்து நீட்டினால் நீதிபதிகள் படிக்காமல் விடமாட்டார்கள்.

காவிரியில் அப்படி ஏறி வரும் மீன் எது?

முதலில் உல்லம். வங்காளிகள் இலிஷ் என்றும் ஆந்திராவில் புலசா என்றும் சொல்வது அதைத்தான். கோதாவரிக் கரையில் தாலியை விற்றாவது புலசா சாப்பிடு என்று ஒரு சொலவடையே உண்டு. கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது ஏறி முட்டை போடும். நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளத்தின் கணக்கே மாறிப்போய் உல்லம் அருகிவிட்டது. அதற்கு நூறு வருடம் முன்பே கொள்ளிடத்தில் கீழணை கட்டியாகிவிட்டது. அதில் மீன் ஏற வழி வைத்தும் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சால்மன் துள்ளி ஏறும், உல்லம் துள்ளாது.

விலாங்கு இதற்கு நேர் எதிர். ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டை போடும். குஞ்சு திரும்ப ஆறு ஏறும். மூன்றாவது, கூன்முதுகு மஹ்சீர். இது கடலுக்குப் போகாது, ஆற்றுக்குள்ளேயே மேலும் கீழும் அலையும். காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பெங்களூரிலிருந்து கனகபுரா வழியாகப் போனால் வரும் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில் ஒரு காலத்தில் தூண்டில்காரர்கள் தேடிப் போன மீன். வேறு படுகையிலிருந்து நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதும் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள்.

சுமார் 64 கிலோமீட்டர் தூரத்துக்குக் காவிரியே இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் ஒருவர் துடுப்பால் எதிர்க்கரையைக் காட்டி, “அது அவங்க காடு சார், அங்க வலை கட்டுனா ஃபாரஸ்ட்காரங்க வந்துருவாங்க. இங்க கட்டுனா சீட்டு வேணும்” என்றார். நடுவில் கட்டினால் என்று கேட்டேன். “நடுவுல சுழி சார்.” கரையேறி, மிளகாய் தடவி அடுக்கி வைத்திருந்த வறுவல் கடையில் என்ன மீன் என்று பார்த்தால் கட்லா, ரோகு, ஜிலேபி. மூன்றும் குஞ்சு வாங்கி விட்ட மீன். காவிரிக் கரையில் உட்கார்ந்து காவிரிக்கே சொந்தமான மீன் ஒரு துண்டுகூட நான் சாப்பிடவில்லை.

காவிரித் தீர்ப்பில் மீனுக்கு ஏதாவது உண்டா?

பெயர் சொல்லி இல்லை. 2007-ல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பிரித்தது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சத்தில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்று 4. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 கூட்டி, அதைத் தமிழ்நாட்டிலிருந்து கழித்தது, அதில் 4.75 நம் பெங்களூர்க் குடிநீருக்கு. சுற்றுச்சூழலின் 10-ல் கை வைக்கவில்லை. உல்லமும் விலாங்கும் மஹ்சீரும் அந்தப் பத்துக்குள்தான் எங்கேயோ நீந்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஏன் நம்மிடம் இப்படி ஒரு வழக்கு வரவே இல்லை?

கணக்கு இல்லாததால் என்று நினைக்கிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்க மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. இன்று எத்தனை கன அடி என்று சேலத்து டீக்கடையில்கூடச் சொல்வார்கள். அதே இடத்தில் எத்தனை மீன் ஏறியது என்று கேட்டுப் பாருங்கள்.

போன்வில் அணையில் மீன்படிக்குப் பக்கத்தில் தண்ணீருக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, தாண்டிப் போகும் ஒவ்வொரு மீனையும் இனம் பார்த்து எண்ணிப் பதிவு செய்கிறார். 1938-லிருந்து இந்தக் கணக்கு இருக்கிறது. அவ்வளவு கணக்கு வைத்திருந்தும் ஐடஹோவால் நிரூபிக்க முடியவில்லை. 2021-ல் ஃப்ளோரிடாவுக்கும் இதே கதிதான். ஜார்ஜியா மாநிலம் ஆற்றுத் தண்ணீரை அதிகமாக எடுத்ததால் எங்கள் அப்பலாச்சிகோலா வளைகுடாவில் சிப்பி அழிந்தது என்று வழக்கு. உங்கள் ஆட்களே அளவுக்கு மீறிச் சிப்பி எடுத்ததாலும் அழிந்திருக்கலாமே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள். நாம் நாளைக்கு வழக்குப் போட்டால் எதைக் கொண்டுபோய் நீட்டுவது?

பாதிக்குப் பாதி என்று எங்காவது தீர்ப்பு வந்திருக்கிறதா?

1974-ல் வாஷிங்டன் மாநிலத்தில், நீதிபதி போல்ட் கொடுத்தார். ஆனால் அது மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே அல்ல, மாநிலத்துக்கும் பழங்குடிகளுக்கும் இடையே. 1850-களின் ஒப்பந்தங்களில் பழங்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மற்ற குடிமக்களோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்தப் ‘பொதுவாக’ என்ற ஒரு சொல்லுக்கு, பிடிக்கக்கூடியதில் பாதிவரை என்று போல்ட் அர்த்தம் சொன்னார். ஊரே கொதித்தது. 1979-ல் உச்ச நீதிமன்றமும் சாராம்சத்தில் அதையே உறுதி செய்தது.

அதன் வால் இன்னும் நீளமானது. பங்கு கிடைத்தாலும் மீன் இருந்தால்தானே என்று பழங்குடிகள் மறுபடி போனார்கள். சாலைக்கு அடியில் மாநில அரசு போட்ட மதகுக் குழாய்கள் மீன் போகும் வழியை அடைக்கின்றன, அவற்றைச் சரிசெய் என்று கேட்டார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால், பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றது. அரசு குழாய்களை மாற்றியாக வேண்டும். நம் ஊர் தடுப்பணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

நாடுகளுக்கு இடையே?

ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 66-வது பிரிவு, எந்த நாட்டு ஆற்றில் மீன் பிறக்கிறதோ அந்த நாட்டுக்கே முதல் உரிமையும் பொறுப்பும் என்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 1985-ல் சால்மன் ஒப்பந்தம் போட்டன. பங்கில் மனக்கசப்பு வந்து, 1997-ல் கனடா மீனவர்கள் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் அலாஸ்காவின் பயணிகள் கப்பலையே படகுகளால் சுற்றி வளைத்து நிறுத்திவிட்டார்கள். ரைன் ஆற்றுக்கு 1885-லேயே சால்மன் ஒப்பந்தம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரைனில் சால்மனே இல்லை. ஒப்பந்தம் வலையைக் கட்டுப்படுத்தியது. அணையும் சாக்கடையும் அதில் வரவில்லை.

நம் பக்கம், மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே கட்டிய பராக்கா அணை. அதுவும் 1975 (என்ன ராசியோ அந்த வருடம்). அதற்கு முன்பு இலிஷ் அலகாபாத்தைத் தாண்டியும் ஏறியது. 1996-ன் கங்கை ஒப்பந்தம் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் கோடைத் தண்ணீரைத்தான் பிரிக்கிறது, மீனைப் பிரிக்கவில்லை. மீன் விஷயத்தில் கை ஓங்கியிருப்பது கழிமுகத்தில் இருக்கும் வங்கதேசத்துக்கு. 2012-ல் இலிஷ் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். துர்கா பூஜை சமயத்தில் மட்டும் மனது வைத்துக் கொஞ்சம் அனுப்புகிறார்கள். தலைமடை, கடைமடை என்று நான் சொன்னது இதுதான்.

எதிர்க்கரையில் வெடி போட்டு மீன் பிடித்தால்?

இரு கரையிலும் குற்றம். 1897-ன் இந்திய மீன்வளச் சட்டமே வெடியையும் விஷத்தையும் தடுக்கிறது. கர்நாடகத்துக்கு 1996-ன் தனிச் சட்டமும் உண்டு. பிடிக்க வேண்டியது அந்தந்தக் கரை அதிகாரிகள்.

பெங்களூரில் உல்லம் கிடைக்குமா?

கிடைக்கும், காவிரி உல்லம் இல்லை. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒருநாள் காலையில் கேட்டேன். கடைக்காரர் தமிழர், ஐஸைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, “நீங்க பெங்காலியா சார்? அவங்கதான் இதைக் கேட்பாங்க” என்றார். தமிழ்தான் என்றதும், “முள்ளு ஜாஸ்தி, யோசிச்சு வாங்குங்க” என்று எச்சரித்துவிட்டுத்தான் தராசில் வைத்தார். விலையைக் கேட்டு அரை மீன்தான் வாங்கினேன்.

வீட்டில் அம்மா செதில் உரசிக்கொண்டே, “இது கொள்ளிடத்துல வந்த மீனாச்சே, எங்கப்பா சொல்லுவாரு” என்றாள். அணைக்கரைப் பக்கத்துக்காரி அவள். தண்ணீர் வந்தால் தாத்தா கைவலையோடு கீழணைக்குப் போய் நின்றது, கதவடியில் மீன் முட்டிக்கொண்டு நின்றது எல்லாம் சொன்னாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. முள் எடுத்துச் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.